சேலைப் பிரிவு தனசேகரன் அணி மாறிய கதை

தியாகதுருகத்தில் ஒருவருக்குத் தனசேகரனைத் தெரியவில்லை என்றால், அவர் கால்பந்தும் பார்க்காதவர், சேலையும் வாங்காதவர் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் கம்மி.

வார நாட்களில் அவன் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் முதல் மாடியில், சேலைப் பிரிவில் நிற்பான். புது டிசைன் வந்தால் முந்தானையைத் தன் தோளிலேயே போட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் காட்டுவான். "இது உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று அவன் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மலைக்கோட்டை கால்பந்து அணியின் பத்தாம் நம்பர். கோல் அடித்ததும் மூலைக் கொடி வரைக்கும் ஓடி, ஒரு விரலை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்பான். யாராவது போட்டோ எடுத்துவிட்டார்கள் என்பது உறுதியான பிறகுதான் கை இறங்கும். இவனுடைய கொண்டாட்டத்துக்குத் தனியாகக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று நடுவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஆளிடம் ஆட்டம் இருந்தது. எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, குதிகாலால் பந்தைப் பின்பக்கம் தட்டிவிடுவான். அது நேராகப் போய் அய்யப்பன் காலில் நிற்கும்.

அய்யப்பன்தான் கேப்டன். பயிற்சி கொடுப்பவனும் அவனே, பந்துக்குக் காற்றடிப்பவனும் அவனே. பிழைப்புக்கு, தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போய் வருகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஆட்டத்தில் அய்யப்பன் பின்னாலிருந்து "தனா, வுடு!" என்று ஒரு குரல் கொடுப்பான். தனசேகரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பந்து போய்விடும்.

இப்படி இருந்தவர்களுக்கு நடுவில் பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம் வந்து சேர்ந்தது.

அன்றைக்குத் தனசேகரனுக்குக் கால் ஓடவில்லை. முந்தின வாரம் முழுக்கப் பொங்கல் வியாபாரம். காலையிலிருந்து கடை மூடும் வரை நின்றே சேலை காட்டிய கால் அது. இரண்டாம் பாதியின் நடுவில் அய்யப்பன் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டு, மலைமேல் கரியாலூரிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கும் சந்தோஷை உள்ளே அனுப்பினான். சந்தோஷ் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கோல் அடித்தான். கோப்பை வந்துவிட்டது.

அதுதான் பிரச்சினை. தோற்றிருந்தால் தனசேகரன் எல்லோரையும் மன்னித்திருப்பான். "நான் வெளிய போனேன், தோத்தீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு பெருந்தன்மையோடு வந்திருப்பான். ஜெயித்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தில் வெற்றி ஃப்ளெக்ஸ் ஏறியது. அணியின் புரவலர் இளஞ்செழியன் வைத்தது. அவர் ஜேசிபி வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கட்சியில் சேருவது என்று இன்னும் முடிவு செய்யாத அரசியல்வாதி. ஃப்ளெக்ஸில் முக்கால்வாசி அவரே கைகூப்பி நின்றார். மீதி இடத்தில் வீரர்கள் எல்லோரும் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களில். தனசேகரன் கட்டமும் கோல்கீப்பர் கட்டமும் ஒரே அளவு. அவன் நெற்றிக்கு நேராகக் கம்பத்தில் கட்டும் துளை வேறு.

அன்று சாயந்திரமே அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கருப்பாகிவிட்டது. "கூட இருந்தவன் வெட்டுன குழிதான் ஆழம் ஜாஸ்தி" என்று வெள்ளை எழுத்து. மறுநாள் ஒரு சிங்கம் தனியாக நடந்து போயிற்று. அதற்கு மறுநாள் கொட்டும் மழையில் ஒரு ஜோடி பூட்ஸ், பின்னணியில் அழுகிற வயலின். ஊரே இவற்றைப் பார்த்துப் பொருள் சொல்ல ஆரம்பித்தது. சிங்கம் யார் என்பதில் சந்தேகம் இல்லை. குழி வெட்டியது அய்யப்பனா, ஜேசிபி வைத்திருக்கும் இளஞ்செழியனா என்பதில்தான் டீக்கடையில் இரண்டு கட்சி.

அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தனசேகரன் வெளியேறினான். யாரோ மறுபடி சேர்த்தார்கள். மறுபடி வெளியேறினான். மறுபடியும் சேர்த்தார்கள். திரும்பத் திரும்ப வெளியேறினால் மரியாதை குறைந்துவிடும் என்று, அப்புறம் பேசாமல் உள்ளேயே இருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் தாங்கலாம். தினமும் காலையில் அய்யப்பன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பேசக்கூடாது என்பது வைராக்கியம். டிக்கெட் எடுத்தாக வேண்டும் என்பது அரசாங்கம். பக்கத்தில் நிற்கிறவரிடம், "கள்ளக்குறிச்சி ஒண்ணுன்னு சொல்லுங்க" என்பான். அவர் ஒரு முழம் தள்ளி நிற்கும் அய்யப்பனைப் பார்த்து, "கள்ளக்குறிச்சி ஒண்ணாம்" என்பார்.

"சில்லறையா குடுக்கச் சொல்லுங்க" என்பான் அய்யப்பன்.

"சில்லறை வேணுமாம்."

"இருந்தா குடுக்க மாட்டனான்னு கேளுங்க."

ஒருநாள் இப்படி மாட்டியவர் பொறுமை இழந்து, "யப்பா, நான் நிறைமதி ஸ்டாப்புல எறங்கணும், மிச்சத்த நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்துவிட்டார்.

தனசேகரனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி அங்கன்வாடி ஊழியர். அவளும் அதே பஸ்தான். மகளிர் இலவச டிக்கெட்டை வாங்கும்போது, "இன்னாண்ணா, வூட்ல அண்ணி சொகமா?" என்று அய்யப்பனிடம் வழக்கம்போல விசாரிப்பாள். தனசேகரன் அதைத் துரோகம் என்றான்.

"உங்களுக்கும் அவருக்கும்தான சண்ட. எனக்கு இன்னா?" என்றாள் அவள். "காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் அங்கயும் இதேதான் பாக்கறேன். என் பொம்மைய புடுங்கிட்டான், என் எடத்துல ஒக்காந்துட்டான்னு. அதுங்களாச்சும் சத்துமாவு உருண்டை குடுத்தா மறந்துடுதுங்க."

இளஞ்செழியன் சமாதானம் பேச முன்வந்தார். ஊரில் அவருடைய முதல் பஞ்சாயத்து என்பதால், தன்னுடைய ஜேசிபி கொட்டகையில் ஷாமியானா போட்டு, கேசரியும் செய்து வைத்திருந்தார். தனசேகரன் தன் நிபந்தனைகளைச் சொன்னான். இனி பெனால்டி எல்லாம் தான்தான் அடிக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் தன் தலை புரவலர் தலைக்கு அடுத்த அளவில் இருக்க வேண்டும். அய்யப்பன் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க, மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடைசி நிபந்தனைக்கு அய்யப்பன் ஒத்துக்கொண்டான். மறுநாள் காலை குழுவில் கைகூப்பும் எமோஜி பொம்மை ஒன்றைப் போட்டான். அதோடு சரி. ஒரு எழுத்து இல்லை.

தனசேகரன் கொதித்துப் போனான். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தவன் குழுவில் குரல் பதிவே போட்டான். "இது இன்னா? மன்னிப்பா, வணக்கமா, நன்றியா? சாவு செய்திக்கும் இதத்தான போடறீங்க?"

"பஸ்ல கூட்டம். ஒரு கையாலதான் போட முடிஞ்சுது" என்று அய்யப்பன் பதில் எழுதினான்.

அந்தப் பொம்மை மன்னிப்புதானா என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிப் பேர் மன்னிப்பு என்றார்கள், பாதிப் பேர் வணக்கம் என்றார்கள். கோல்கீப்பர் மட்டும் இரண்டுக்கும் ஓட்டுப் போட்டான். சமாதானம் முறிந்தது. ஷாமியானாவைப் பிரித்துவிட்டார்கள்.

இந்தச் செய்தி உளுந்தூர்பேட்டை வரை போய்விட்டது. அங்கே நெடுஞ்சாலை ஓரம் புரோட்டா ஓட்டல் வைத்திருக்கும் கொளஞ்சியப்பன், டோல்கேட் பாய்ஸ் என்று ஒரு அணி நடத்துகிறார். அவர் ஒரு நாள் நேராக ஜவுளிக்கடைக்கே வந்து, சேலைப் பிரிவில் ஜமக்காளத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். தனசேகரனுக்கு ஆளைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஆனால் பின்னால் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு பேசினால் அவருக்கு ஆகாது. தனசேகரன் ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நம்மகிட்ட ஒரு எடம் காலியா இருக்குது தம்பி" என்றார் கொளஞ்சியப்பன், முந்தானையைத் தடவிப் பார்த்தபடி.

"பார்டர் பெருசா வேணும்ண்ணா. போன தடவ ரொம்பச் சின்னதா போட்டுட்டாங்க."

"ரோட்டுக்கு அந்தாண்டயிருந்து பாத்தாலும் தெரியற மாதிரி போட்டுடலாம்."

"பாதியில மடிச்சி உள்ள வெச்சிடக் கூடாது."

"கடைசி வரைக்கும் விரிச்சபடியேதான் இருக்கும்."

மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, "சாருக்கு இதையே பேக் பண்ணிடலாமா?" என்றார். கொளஞ்சியப்பன் வேறு வழியில்லாமல் அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு போனார். அணி மாற்றம் முடிந்தது.

உளுந்தூர்பேட்டையில் அவனுக்கு நடந்த வரவேற்பைப் பற்றி அவனே பல நாள் பேசினான். ஓட்டல் வாசலில் ஆளுயர மாலை, சரவெடி. இரண்டு மாடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் அவன் மட்டும்தான், பின்னால் தீப்பிழம்பு. திருச்சி பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "எந்தக் கட்சிங்க வேட்பாளரு?" என்று கேட்டதாகவும் தெரிகிறது.

ஒரே ஒரு சங்கடம். பத்தாம் நம்பர் பனியன் ஏற்கெனவே கொளஞ்சியப்பனின் மச்சான் முதுகில் இருந்தது. மனைவியின் தம்பியிடமிருந்து எதையும் கழற்றி வாங்கும் நிலையில் அவர் இல்லை. யோசித்து, தனசேகரனுக்கு நூறாம் நம்பர் கொடுத்தார்கள்.

"பத்துக்கு மேல ஒரு சைபர் ஜாஸ்தி. மதிப்பு கூடித்தான இருக்குது" என்றார் கொளஞ்சியப்பன். தனசேகரனும் அதை நம்பினான். செந்தமிழ்ச்செல்வி அந்தப் பனியனைத் துவைத்துக் காயப்போடும்போது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எமர்ஜென்சி போன் நம்பர் மாதிரி இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மே மாதம் கோடை விழாவை ஒட்டிக் கரியாலூரில் ஒரு போட்டி வைத்தார்கள். குலுக்கலில் டோல்கேட் பாய்ஸுக்கும் மலைக்கோட்டைக்கும் முதல் ஆட்டமே விழுந்தது. ஊரில் பாதிப் பேர் வண்டி பிடித்து மலையேறினோம். மலைக்கோட்டை அணி ஒரு வேனில் போனது. வீரர்களின் குடும்பங்களும் அருவி பார்க்கிற சாக்கில் அதே வேனில் ஏறிக்கொண்டன. செந்தமிழ்ச்செல்வியும் ஏறினாள்.

"எதிரி வேன்ல போறியா?" என்று கேட்டான் தனசேகரன்.

"உங்க வேன்ல பொம்பளைங்களுக்கு எடமில்லன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

கரியாலூர் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தது. பந்தை விட்டால் அதுவாகவே கிழக்கே நகரும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. எதிர்க் கோல் கம்பம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தனசேகரன் பந்துக்காகக் காத்துக் காத்து நின்றான். பந்து கிடைத்தால்தானே? கொளஞ்சியப்பனின் மச்சான் யாருக்கும் பந்து கொடுக்கும் வழக்கம் இல்லாதவர். கிடைத்த பந்தையெல்லாம் தானே உருட்டிக்கொண்டு போய், தானே தொலைத்துவிட்டு, தனசேகரனைப் பார்த்து முறைத்தார். மைக்கில் வர்ணனை செய்தவர், "நூறாம் நம்பர் வீரர் மிகவும் பொறுமையாக நின்றுகொண்டிருக்கிறார்" என்று சொன்னது மலை முழுக்கக் கேட்டது.

இரண்டாம் பாதி முடியப் போகிற சமயம். மலைக்கோட்டை அணி முன்னேறி வந்து தாக்கியதில், டோல்கேட் பாய்ஸ் எல்லோரும் தங்கள் கோல் அருகே குவிந்திருந்தார்கள். தனசேகரனும் உதவிக்குப் பின்னால் இறங்கி வந்திருந்தான். யாரோ அடித்த பந்து எவன் முட்டியிலோ பட்டுத் தெறித்து, அவன் காலுக்கு வந்தது. அன்று அவன் தொட்ட முதல் நல்ல பந்து. தன் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அதை அடக்கினான். சுற்றிலும் மேகம். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தனா, வுடு!"

அவன் யோசிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. குதிகாலால் தட்டிவிட்டான்.

பந்து அய்யப்பன் காலில் போய் நின்றது. அய்யப்பனே ஒரு கணம் அதைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற சந்தோஷுக்குத் தள்ளினான். சந்தோஷ் அடித்தான். கோல்.

நடுவர் விசில் ஊதினார். தனசேகரன் மூலைக் கொடிக்கு ஓடினான். ஒரு விரலை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றான். விரலை நீட்டியபடியே அவன் மெல்லத் திரும்பி, தன்னை நோக்கி ஓடி வருகிற பனியன்களைத் தேடினான். யாரும் ஓடி வரவில்லை. மலைக்கோட்டையின் நீல நிறத்தார் அந்தப் பக்கம் சந்தோஷைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நிறத்தார் அசையாமல் நின்றிருந்தார்கள். அவன் போட்டிருந்தது சிவப்பு. கை தானாக இறங்கியது.

ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது. "வெல போயிட்டான்!" என்று மச்சான் கத்தினார். கொளஞ்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாம்பழ நிறச் சேலையை நினைத்திருப்பார் போல. தனசேகரன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் டோல்கேட் பாய்ஸின் வேன் அவனை விட்டுவிட்டு, அவனுடைய மாற்று உடுப்பையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டது.

மழை தூற ஆரம்பித்தது. நூறாம் நம்பரோடு அவன் ஒரு சோளப்பொரிக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றான். செந்தமிழ்ச்செல்வி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க. நம்ம வேன்ல எடம் இருக்குது."

"அது நம்ம வேன் இல்ல. அதுல நான் ஏற மாட்டேன்."

"சரி. பார்த்து நடந்து வாங்க. வழியில கரடி இருக்குமாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். குடையும் அவளோடு போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வேனில் ஏறினான். கடைசி இருக்கையில், சட்டி பானைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். யாரும் திரும்பவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வேன் சாயும்போதெல்லாம் புளிசோற்று வாளி அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. கோமுகி அணை கண்ணில் படுகிற இடத்தில் அய்யப்பன் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வருகிற அதே நடையில் பின்னால் வந்தான்.

"ஏண்டா குடுத்த?" என்றான்.

"நீ ஏண்டா கூப்ட்ட?"

"வாய்ல வந்துடுச்சிடா. உன் முதுகப் பாத்தன், வந்துடுச்சி."

"எனக்கு கால்ல வந்துடுச்சி."

அய்யப்பன் வாளியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தனசேகரனின் கண் கலங்கியிருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். மழைத் தண்ணீர் என்று அவன் சொல்கிறான். மாதக்கணக்கில் கட்டிக்காத்த வைராக்கியம் அன்றைக்கு அவனுக்கு இறங்கிவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எவ்வளவோ அழகாக இருந்திருக்கும்.

"ஆனா ஒண்ணுடா" என்றான் தனசேகரன். "அந்த கோல்ல பாதி எனக்குத்தான் சேரணும்."

"நீ எதிர் டீம்டா!"

"பாஸ் யாரோடது?"

"அது பாஸ் இல்லடா, தப்பு!"

வேன் கச்சிராயபாளையம் தாண்டும் வரை இந்த வழக்கு நடந்தது. முன் இருக்கையில் செந்தமிழ்ச்செல்வியும் அய்யப்பன் மனைவியும் தோளோடு தோள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டோல்கேட் பாய்ஸ் அவனுக்கு ஆயுள் தடை விதித்துச் செய்தி அனுப்பினார்கள். உளுந்தூர்பேட்டையில் அந்தப் பெரிய ஃப்ளெக்ஸ் இப்போது ஓட்டலுக்குப் பின்னால் விறகுக்கு மூடாக்காக இருக்கிறதாம். தனசேகரன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "டோல்கேட்டுக்கு ஒரு சீசன் குத்தகைக்குப் போயிருந்தேன்" என்று சேலை வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறான். வெளிநாட்டு அணிகளில் ஆட்டக்காரர்களை அப்படி இரவல் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதாம்.

மலைக்கோட்டையில் அவனை நிபந்தனை இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். முழு ஆட்டத்துக்குக் கால் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், கடைசிக் கால் மணி நேரம் இறங்கினால் போதும் என்று அய்யப்பன் சொன்னான். அது தன்னுடைய யோசனைதான் என்று தனசேகரன் ஊரில் சொல்லிக்கினு இருக்கிறான். நாங்களும் கேட்டுக்கினு இருக்கிறோம்.

அவன் திரும்பி வந்த முதல் ஞாயிறு பயிற்சியில் நானும் இருந்தேன். எல்லோரும் இரண்டு சுற்று ஓடி முடித்த பிறகுதான் வந்தான். தலையில் புதுச் சாயம்.

"மணி இன்னாடா ஆவுது?" என்று அய்யப்பன் எல்லோர் முன்னாலும் கத்தினான். "உனுக்கு மட்டும் தனி ஞாயித்துக்கிழமையா?"

தனசேகரன் முகம் இறுகியது. ஓரமாகப் போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். மிக மெதுவாக அவிழ்த்தான். யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. ஒரு காலை அவிழ்த்து முடித்து, கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் தட்டினான். மண்ணே இல்லாத பூட்ஸிலிருந்து மண்ணை உதறினான். அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. சந்தோஷ் எல்லைக்கோட்டோரம் ஒரு பந்தை விரட்டிக்கொண்டு வந்தான்.

"டேய், அத வலது பக்கம் தள்றா, வலது பக்கம்!" என்று தனசேகரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான். சந்தோஷ் இடது பக்கம் தள்ளினான். அதற்கு மேல் தனசேகரனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலில் பூட்ஸும் மறு கால் வெறும் காலுமாக எழுந்து உள்ளே ஓடினான்.